‘டிசாஸ்டர்’ என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டு முன்கூடத்தில் வாரத்தில் மூன்று நாள் மாலை ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்களில் சிலரும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். 2017 நவம்பர் வெள்ளம் வடிந்தபின் நடந்த முதல் வகுப்பில் எல்லார் கட்டுரையிலும் ஒரே சொல் இருந்தது: டிசாஸ்டர். அன்றைக்கு அந்தச் சொல்லைப் பற்றி எழுந்த கேள்விகள் இன்றும் ஒவ்வொரு புது வகுப்பிலும் எழுகின்றன. ஆகவே, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், டிசாஸ்டர்னா ஒரே வரியில என்ன?

பலருடைய வாழ்க்கையை ஒரேயடியாகக் குலைத்துப்போடும் பெரிய கேடு. உயிர், வீடு, பிழைப்பு என்று இழப்பு பல பக்கமும் இருக்கும். நம் வானொலிச் செய்தியில் ‘பேரிடர்’ என்று வாசிக்கிறார்களே, அதுதான்.

அன்றாடப் பேச்சில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு: முழுத் தோல்வி. கல்யாண விருந்தில் சாப்பாடு பாதிப் பேருக்குப் பற்றாமல் போனால் விருந்து டிசாஸ்டர் என்பார்கள். அங்கே யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எந்தப் பொருளில் வருகிறது என்பதை இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

எப்படி உச்சரிக்கிறது? சிலர் ‘டிஸ்-ஆஸ்டர்’னு பிரிச்சுச் சொல்றாங்களே?

பிரிக்கக் கூடாது. டி, ஸாஸ், டர் என்று மூன்று அசை. அழுத்தம் நடு அசையில். முதலில் வரும் ‘ஸ’ நம் ‘சாமி’யில் வரும் ஒலி இல்லை. மலாயில் காலத்தைக் குறிக்கும் ‘ஸமான்’ என்ற சொல்லை நம் பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள். அதன் முதல் ஒலி, தேனீ ரீங்கரிப்பது போன்றது, அதேதான் இங்கேயும். அடுத்து வரும் ‘ஸ்’ சாதாரணமானது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால்தான் குழப்பம்.

‘டிசாஸ்ட்ரஸ்’னு எழுதினா ஒரு எழுத்து குறையுதுன்னு சிவப்பு மையில வட்டம் போடுறீங்க. எது சரி?

உண்மையில் ஒரு எழுத்து கூடுகிறது என்பதற்குத்தான் வட்டம். பெயர்ச்சொல்லில் ‘ட்’டுக்கும் ‘ர்’ருக்கும் நடுவில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து உண்டு. பெயரடையாக மாறும்போது அது போய்விடும். பெயரடை பிரெஞ்சுப் பெயரடையிலிருந்து தனியாகவே ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சில் அந்த இடத்தில் ‘ஈ’ கிடையாது. உச்சரிக்கும்போதும் மூன்றே அசைதான். வாயில் மூன்று அசை வந்தால் கையும் சரியாக எழுதும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்துச்சு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் ‘தெஸாஸ்த்ர்’, அதற்கு முன்னால் இத்தாலிய மொழியில் ‘டிஸாஸ்த்ரோ’. இத்தாலியச் சொல்லைப் பிரித்தால் ‘டிஸ்’ என்பது கெட்ட, தகாத. ‘ஆஸ்த்ரோ’ என்பது நட்சத்திரம், கோள். கெட்ட நட்சத்திரம் என்பதுதான் மூலப் பொருள். அந்த ‘ஆஸ்த்ரோ’ லத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. வானியலைக் குறிக்கும் அஸ்ட்ரானமி, சோதிடத்தைக் குறிக்கும் அஸ்ட்ராலஜி, விண்வெளி வீரரைக் குறிக்கும் அஸ்ட்ரோனாட் எல்லாம் ஒரே குடும்பம். கைப்பேசியில் எண் பலகையின் கீழ் மூலையில் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு ஆங்கிலத்தில் ஆஸ்டெரிஸ்க் என்று பெயர். குட்டி நட்சத்திரம் என்று பொருள்.

அன்றைய ஐரோப்பாவில் அரசன் முதல் குடியானவன் வரை எல்லாரும் நம்பியது இது: மேலே கோள் நிலை கெட்டால் கீழே கேடு வரும். படகு கவிழ்ந்தாலும், பயிர் பொய்த்தாலும், ஊரில் காய்ச்சல் பரவினாலும் முதலில் வானத்தைத்தான் பார்த்தார்கள். ஃபுளூ காய்ச்சலின் முழுப்பெயரான இன்ஃபுளுவென்ஸாவும் இத்தாலியச் சொல்தான், பொருள் ‘தாக்கம்’; விண்மீன்களின் தாக்கத்தால் வரும் நோய் என்ற எண்ணத்தில் எழுந்த பெயர். 1743இல் இத்தாலியில் பெரிய அளவில் காய்ச்சல் பரவியபோது ஆங்கிலத்துக்குள் வந்தது.

அப்போ நம்ம பாட்டி சொல்ற ‘கிரகச்சாரம்’ மாதிரியா?

அதேதான்! இதைக் கேட்டது ஒரு படிவம் நான்கு மாணவன். அன்று மாலை முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது. கிரகச்சாரம் என்றால் கோள்களின் நடமாட்டம், அவ்வளவுதான். சொல்லில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் நாம் எப்போது சொல்கிறோம்? பால் திரிந்தால், பேருந்து போய்விட்டால், பிள்ளை பேச்சுக் கேட்காவிட்டால், “எல்லாம் என் கிரகச்சாரம்!” என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். கோளின் பெயரைச் சொல்லிக் கேட்டைக் குறிக்கிறோம். இத்தாலியர்கள் செய்ததும் அதுதான்.

‘சனியன்’ என்று திட்டுவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு எடுத்துக்கொள்ளும் ஒரு கோளின் பெயர் நம் வீட்டில் வசைச்சொல்லாகிவிட்டது. மலாயிலும் ஒருவனுக்கு நல்ல காலம் வந்தால் அவனுடைய ‘பிந்தாங்’, அதாவது நட்சத்திரம், ஏறுகிறது என்பார்கள். நட்சத்திரத்தில் அதிர்ஷ்டத்தைத் தேடுவது எந்த ஒரு இனத்துக்கும் தனிச்சொத்து இல்லை.

ஆங்கிலேயர்கள் உண்மையிலேயே நட்சத்திரப் பொருளில்தான் சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?

ஷேக்ஸ்பியரைப் பார்த்தால் தெரியும். ‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதல் காட்சியில் ஹொரேஷியோ, ஜூலியஸ் சீசர் கொல்லப்படுவதற்கு முன் ரோமில் தோன்றிய கெட்ட சகுனங்களைச் சொல்வான். அதில் ‘சூரியனில் டிசாஸ்டர்கள்’ என்று வரும். அங்கே வெள்ளமும் இல்லை, தீயும் இல்லை. வானத்தில் தெரிந்த கெட்ட குறிக்கே அந்தப் பெயர்.

‘கிங் லியர்’ நாடகத்தில் இன்னும் அழகான இடம் ஒன்று உண்டு. கிளாஸ்டர் பிரபு, அண்மையில் வந்த சூரிய, சந்திர கிரகணங்கள் நமக்கு நல்லதில்லை என்று புலம்பிவிட்டுப் போவார். அவர் போனதும் மகன் எட்மண்ட் தனியாக நின்று பேசுவான்: நம் நடத்தையால் வந்த கேட்டுக்கு, நம்முடைய டிசாஸ்டர்களுக்கு, சூரியனையும் நிலவையும் நட்சத்திரங்களையும் குற்றவாளி ஆக்குகிறோமே, இது என்ன மடமை என்பான். பேசுகிறவன் நாடகத்தின் வில்லன். அப்பாவை ஏமாற்றத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பவன். ஆனால் அந்த வரி என்னவோ உண்மையைத்தான் சொல்கிறது. நட்சத்திரத்தின் மேல் பழி போட்டுப் பிறந்த சொல்லை வைத்துக்கொண்டே, அந்தப் பழி தவறு என்று அன்றே, 400 ஆண்டுக்கு முன்னால், எழுதிவிட்டார் ஷேக்ஸ்பியர். பாடத்தில் இல்லாவிட்டாலும் இந்த இடத்தை நான் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

‘டிஸ்’ங்கறது நம்ம ‘துர்’தானே? துர்நாற்றம், துரதிர்ஷ்டம் மாதிரி?

கிட்டத்தட்ட சரி, ஆனால் ஒரு அடி தள்ளி. வடமொழி ‘துஸ்’, ‘துர்’ என்பதற்கு நேர் உறவு கிரேக்க மொழியின் ‘டுஸ்’. ஆங்கிலத்தில் அது டிஸ்டோப்பியா, டிஸ்லெக்ஸியா போன்ற சொற்களில் இருக்கிறது; எழுதும்போது ‘ஒய்’ என்ற எழுத்து வரும். டிசாஸ்டரில் இருப்பது ‘ஐ’ எழுத்து. அது லத்தீன் வழி வந்த ‘டிஸ்’. விலகல், எதிர்மறை, கேடு ஆகிய பொருள்களைத் தரும். டிஸ்ஹானஸ்ட், டிஸ்அக்ரீ போன்ற சொற்களில் வருவது இதுதான். இரண்டும் ஒலியில் ஒன்றுபோல் இருப்பதால் இணையத்தில் பல பக்கங்கள் ஒன்றாகக் கலந்து எழுதிவிடுகின்றன. தேர்வுக்கு இது வராது, ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

துரதிர்ஷ்டம் என்று நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். அதிர்ஷ்டம் என்பதற்கு மூலப்பொருள் ‘காணப்படாதது’. அந்தச் சொல்லில் நட்சத்திரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நல்லது கெட்டது செய்கிறது என்ற எண்ணம் மட்டும் இருக்கிறது.

‘ஆஸ்டர்’ நட்சத்திரம்னா, தமிழ்ல ‘தாரகை’ன்னு சொல்றோமே, அதுக்கும் சொந்தமா?

ஆமாம், தூரத்துச் சொந்தம். தாரகை வடமொழித் ‘தாரா’விலிருந்து வந்தது. வடமொழித் தாரா, கிரேக்க ‘அஸ்தேர்’, லத்தீன் ‘ஸ்தெல்லா’, ஆங்கில ‘ஸ்டார்’ எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை மொழியியலார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆக, ஸ்டாரும் டிசாஸ்டரும் பங்காளிகள். நம் சொந்தத் தமிழ்ச் சொல் மீன், விண்மீன். அது இந்தக் குடும்பத்தில் சேராது.

டிசாஸ்டர், கேட்டாஸ்ட்ரஃபி, ரெண்டும் ஒண்ணுதானே? ஏன் ரெண்டு சொல்?

இன்றைய பேச்சில் கேட்டாஸ்ட்ரஃபி என்றால் ஒரு படி மேலே. இனி பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது என்ற அளவுக்கான கேடு. ஆனால் பிறந்த இடம் வேறு வேறு. கேட்டாஸ்ட்ரஃபி கிரேக்கச் சொல். ‘கீழே புரட்டுவது’ என்று பொருள். நாடகத்தில் கதை திரும்பி முடிவை நோக்கிப் போகும் கட்டத்துக்கு அந்தப் பெயர். முடிவு சோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மேலே சொன்ன எட்மண்டே, அண்ணன் எட்கர் சரியான நேரத்தில் மேடைக்கு வரும்போது, பழைய காமெடி நாடகத்தின் கேட்டாஸ்ட்ரஃபி மாதிரி வந்துவிட்டான் என்பான். காமெடிக்கும் கேட்டாஸ்ட்ரஃபி உண்டு என்றால் அன்று பொருள் எவ்வளவு வேறு என்று பாருங்கள். பெருங்கேடு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் அதற்கு வந்தது.

இதற்கும் நம்மிடம் இணை உண்டு. ‘விபரீதம்’ என்ற சொல்லின் மூலப் பொருள் தலைகீழானது, எதிராகத் திரும்பியது. “விபரீதமாகிப்போச்சு” என்று நாம் சொல்லும்போது கிரேக்கன் பார்த்த அதே திருப்பத்தைத்தான் பார்க்கிறோம். கிரகச்சாரத்துக்கு டிசாஸ்டர், விபரீதத்துக்கு கேட்டாஸ்ட்ரஃபி என்று மனத்தில் ஜோடி போட்டுக்கொண்டால் மறக்காது.

இன்னும் இந்த மாதிரி கெட்ட நிலைமைக்கு என்னென்ன சொல் இருக்கு? கட்டுரைக்கு வேணும்.

நிறைய. நான் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வது மூன்று. கிரைசிஸ் என்பது கிரேக்கத்தில் ‘தீர்ப்பு’, ‘முடிவெடுக்கும் நேரம்’. பழைய வைத்தியர்கள் நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியவரும் அந்தக் கட்டத்துக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள். ஆகவே கிரைசிஸில் இன்னும் எதுவும் முடிந்துவிடவில்லை. டிசாஸ்டரில் கேடு வந்துவிட்டது. இந்த வேறுபாடு தெரிந்து எழுதினால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும்.

டெபாக்கிள் பிரெஞ்சுச் சொல். குளிர்காலத்தில் உறைந்த ஆறு திடீரென்று உடைந்து, பனிப்பாளங்கள் அடித்துக்கொண்டு ஓடுவதற்குப் பெயர். தேர்தலிலோ போரிலோ ஒரு தரப்பு நொறுங்கிச் சிதறுவதை இதனால் குறிப்பார்கள். ஃபியாஸ்கோ இத்தாலிய மொழியில் ‘குப்பி’. மேடையில் சொதப்பிய நடிகரைக் குறிக்கும் வழக்கிலிருந்து வந்தது; எல்லாருக்கும் முன்னால் அசிங்கமாகத் தோற்பது. வெள்ளத்தை ஃபியாஸ்கோ என்று எழுதாதீர்கள், ஆட்கள் செத்த இடத்தில் அந்தச் சொல் நிற்காது.

‘நைட்மேர்’ல குதிரை எங்கிருந்து வந்துச்சு?

குதிரையே இல்லை. பெண்குதிரையைக் குறிக்கும் ‘மேர்’ வேறு. இந்த ‘மேர்’ பழைய ஆங்கிலத்தில் ஒரு பேய். தூங்குகிறவர் மார்பில் ஏறி உட்கார்ந்து மூச்சு முட்டவைக்கும். “ராத்திரி அமுக்குவான் வந்து அமுக்கிடுச்சு” என்று நம் வீடுகளில் சொல்வதும், பக்கத்து மலாய் வீட்டில் ‘ஹந்து திண்டே’ என்று சொல்வதும் அதே பேயைத்தான். மூன்று மொழிக்காரர்களும் ஒரே அனுபவத்துக்கு ஒரே விளக்கம் சொன்னார்கள்.

மலாய்ல ‘பென்சானா’ன்னு செய்தியில வருதே, அது என்ன சொல்?

அதில் நமக்குப் பங்கு உண்டு. பென்சானா வடமொழி ‘வஞ்சனா’விலிருந்து வந்தது. நாம் வஞ்சனை, வஞ்சகம் என்கிறோமே, அதன் உறவு. ஏமாற்று என்று பொருள்பட்ட சொல் கடல் தாண்டி வந்து கேடு, பேரிடர் என்று ஆகிவிட்டது. கெட்ட நட்சத்திரம் என்று இத்தாலியன் சொன்னதை இந்த மண்ணில் வஞ்சனை என்று சொன்னார்கள். 2015இல் அமைக்கப்பட்ட நாட்மா என்ற அரசு அமைப்பின் முழுப்பெயரிலும் இந்தப் பென்சானா இருக்கிறது. பேரிடர் மேலாண்மைதான் அதன் வேலை.

தமிழ்ல எழுதும்போது பேரிடரா, அனர்த்தமா, விபத்தா? ஆளுக்கு ஒண்ணு எழுதுறாங்க.

நம் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் பேரிடர். இலங்கைத் தமிழர்கள் அனர்த்தம் என்பார்கள். அங்கே அரசு அலுவலகப் பெயரிலேயே அனர்த்த முகாமைத்துவம் என்று இருக்கிறது. இரண்டும் சரி, ஊர் வழக்குதான் வேறு. விபத்து மட்டும் சேராது. முன்பு பொதுவாகத் துன்பத்தைக் குறித்த சொல் அது. இப்போது சாலை விபத்து, தீ விபத்து என்று ஒரு நிகழ்ச்சிக்குச் சுருங்கிவிட்டது.

இடர் என்ற சொல்லை எனக்குப் பிடிக்கும். ‘இடரினும் தளரினும்’ என்று திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறையில் பாடிய சொல் இன்றைக்கு வெள்ள அறிவிப்பில் ‘பேர்’ என்ற அடையோடு வந்து நிற்கிறது.

என் மகன் ‘மேத்ஸ் பேப்பர் டிசாஸ்டர்’னு சொல்றான். அவ்வளவு பெரிய சொல்லை இதுக்கெல்லாம் சொல்லலாமா?

பேச்சில் சொல்லலாம், தவறில்லை. முதல் பதிலில் சொன்ன இரண்டாவது பொருள் இதுதான். ஆங்கிலேயர்கள் தலைமுடி வெட்டு சரியில்லை என்றால்கூடச் சொல்வார்கள். ‘ரெசிபி ஃபார் டிசாஸ்டர்’ என்ற தொடரும் உண்டு. இப்படிச் செய்தால் கேட்டில்தான் முடியும் என்று எச்சரிப்பது.

ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு பொருளும் வரக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் இந்தப் பினாங்கில். பத்தாவது வரியில் அதை டிசாஸ்டர் என்றாள். பதினெட்டாவது வரியில் அன்று திட்டமிட்டிருந்த குடும்பச் சுற்றுலா நின்றுபோனதையும் டிசாஸ்டர் என்றாள். இரண்டாவதை அடிக்கச் சொன்னேன். மதிப்பெண்ணை நினைத்துச் சொல்லவில்லை. ‘பத்து ஃபெரிங்கி’ கடற்கரையில் அன்று கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுக்கான சொல்லைச் சுற்றுலாவுக்கும் போடக் கூடாது என்பதால்தான்.

எங்க வீட்டுல மட்டும்தான் தண்ணி வந்துச்சு, பக்கத்து வீட்டுக்கு வரல. அதை டிசாஸ்டர்னு எழுதலாமா?

ஐக்கிய நாடுகள் சபை கொடுத்த விளக்கத்தின்படி, ஒரு சமூகம் தன் சொந்த வளத்தைக் கொண்டு சமாளிக்க முடியாத அளவுக்கு அதன் வாழ்க்கை குலைவதுதான் டிசாஸ்டர். ஒரு வீடு, ஒரு கடை என்றால் அலுவலக மொழியில் அது எமர்ஜன்சி, அவசர நிலை. தீயணைப்புப் படை வந்து முடித்துவிடும். பல துறைகள் சேர்ந்து இறங்க வேண்டிய நிலை வந்தால்தான் டிசாஸ்டர் என்பார்கள். அறிக்கை எழுதும்போது இந்த அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தக் கதையை எழுதும்போது அளவுகோல் வேறு. அந்த 2017 நவம்பரில் ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி நோட்டைக் கொண்டுவந்தாள். விசிறிக்கடியில் காயவைத்த நோட்டு. பக்கங்கள் அப்பளம் மாதிரி வளைந்து, நீல மை ஓரமெல்லாம் பரவியிருந்தது. ஃப்ரிட்ஜ் மிதந்தது, பாட்டியின் தையல் மெஷின் சேற்றில் போனது, அப்பா தோளில் தம்பியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டினார் என்று எழுதி, முடிவில் டிசாஸ்டர் என்ற சொல்லைப் போட்டிருந்தாள். அந்தக் குடும்பத்துக்கு அது டிசாஸ்டர்தான். நான் அதில் கை வைக்கவில்லை.

‘நேச்சுரல் டிசாஸ்டர்’னு பாடத்துல இருக்கு. இயற்கை செஞ்சா யாரு என்ன பண்ண முடியும்?

இதில் பாடநூலைத் தாண்டிப் பேசித்தான் ஆக வேண்டும். மழை இயற்கை, நில அதிர்ச்சி இயற்கை. ஆனால் மழை விழுந்த இடத்தில் யார் வீடு கட்டினார்கள், வடிகால் அடைபட்டிருந்ததா, மலையை எவ்வளவு வெட்டினார்கள், எச்சரிக்கை வந்ததா என்பதெல்லாம் மனிதர் செயல். மழையும் மனிதர் செயலும் சேரும் இடத்தில்தான் டிசாஸ்டர் பிறக்கிறது. 1976இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஓகீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் என்ற மூவர் இதையே எழுதினார்கள்: இந்தப் பெயரிலிருந்து இயற்கை என்பதை எடுத்துவிட வேண்டும் என்று. ஐக்கிய நாடுகள் சபை 1990களை இயற்கைப் பேரிடர் குறைப்புக்கான பத்தாண்டு என்று அறிவித்தது. அதைத் தொடர்ந்து 2000இல் வந்த திட்டத்தின் பெயரில் ‘இயற்கை’ இல்லை.

நம் ஊரிலேயே பாருங்கள். 1988 ஜூலை 31இல் பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் திருவிழாக் கூட்டம் தாங்காமல் தளம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். அங்கே எந்தப் புயலும் அடிக்கவில்லை. 1993 டிசம்பர் 11இல் கோலாலம்பூரை ஒட்டிய உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பத்து நாளாக மழை என்பது உண்மைதான். ஆனால் பின்னாலிருந்த சரிவின் வடிகாலையும் தாங்குசுவரையும் பற்றித்தான் பிறகு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 2017 அக்டோபர் 21இல் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்துபோனார்கள். இரண்டே வாரத்தில் வெள்ளம். இவற்றையெல்லாம் மழையின் தலையில் கட்டுவதும் நட்சத்திரத்தின் தலையில் கட்டுவதும் ஒன்றுதான். எட்மண்ட் கேட்ட கேள்வி இங்கே அப்படியே பொருந்துகிறது.

அப்போ சாமி, நேரம், சனிப்பெயர்ச்சி பார்க்கிறதெல்லாம் தப்புன்னு சொல்றீங்களா டீச்சர்?

இல்லைம்மா. சனிப்பெயர்ச்சிக்குக் கோயிலில் எள் விளக்கு ஏற்றும்போது உங்கள் பக்கத்தில்தான் நானும் நிற்கிறேன். என் பேச்சு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல் யார்மேல் பழி போடுகிறது என்பதைப் பற்றியது. இதை நம் முன்னோரும் யோசித்திருக்கிறார்கள். புறநானூற்றில் கபிலர் பாடிய 117ஆவது பாட்டு ‘மைம்மீன் புகையினும், தூமம் தோன்றினும்’ என்று தொடங்கும். மைம்மீன் சனி, தூமம் வால்நட்சத்திரம். சனி புகைந்தாலும், வால்நட்சத்திரம் தோன்றினாலும், வெள்ளி தென்திசைப் பக்கம் ஓடினாலும் பாரியின் நாட்டில் வயல் விளையும், மழை பொய்க்காது என்கிறார். ஏன் என்றால் அங்கே செங்கோல் கோணவில்லை, சான்றோர் பலர் இருந்தார்கள். வானத்தில் மூன்று கெட்ட குறிகளை அடுக்கிவிட்டு, நாடு நன்றாக இருந்ததற்குக் காரணத்தைத் தரையில் காட்டுகிறார். டிசாஸ்டர் என்ற சொல் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தைய பாட்டு அது.

சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தார். அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் கோளறு பதிகம். ஞாயிறு முதல் பாம்பு இரண்டு வரை ஒன்பது கோளும் அடியாருக்கு நல்லவையே என்று பாடிவிட்டுக் கிளம்பினார். வாராவாரம் நீங்கள் பாடும் பதிகம்தான்.

நல்ல நட்சத்திரத்துக்குச் சொல் இல்லையா? கெட்டதுக்கு மட்டும்தானா?

பழைய பிரெஞ்சிலும் தென்பிரான்சு மொழியிலும் நல்ல நட்சத்திரத்தில் பிறந்தவன், கெட்ட நட்சத்திரத்தில் பிறந்தவன் என்று ஜோடிச் சொற்கள் இருந்தன. கெட்டவனுக்கான சொல் மட்டும் இன்றைய பிரெஞ்சில் ‘மலோத்ரூ’ என்று உருமாறி இருக்கிறது. துரதிர்ஷ்டசாலி என்ற பொருள் போய், நாகரிகம் தெரியாதவன் என்ற வசையாகிவிட்டது, நம் சனியன் மாதிரியே. ஆங்கிலத்தில் நல்ல நட்சத்திரத்துக்குத் தனிச்சொல் உருவாகவில்லை. தப்பிப் பிழைத்தவரிடம் உன் அதிர்ஷ்ட நட்சத்திரங்களுக்கு நன்றி சொல் என்பதோடு நின்றுவிட்டது.

யூதர்கள் கல்யாணத்திலும் பிள்ளை பிறந்தாலும் ‘மஸல் தோவ்’ என்று வாழ்த்துவார்கள். எபிரேய மொழியில் மஸல் என்பது முதலில் விண்மீன் கூட்டம், தோவ் என்பது நல்லது. இன்று அதைச் சொல்கிறவர்கள் வானத்தை நினைப்பதில்லை, வாழ்த்துகள் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள்.